தாது வருஷமும் ஊட்டி மாளிகையும்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்தில், தி.நகர் துணிக்கடைக்குள் ஒரு குடும்பம் வியர்க்க விறுவிறுக்க நுழைந்து ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் ஆச்சரியப்படமாட்டார். ‘ஊட்டியா, கொடைக்கானலா?’ என்பார். இப்போதெல்லாம் மூன்றாவதாக ஒரு பதிலும் வருகிறது. குல்மார்க்! பனிச்சறுக்கு ஊருக்கே கோடையில் போய், கேபிள் காரில் மேலே ஏறி, மிச்சம் மீதி இருக்கும் பனியில் பிள்ளைகளை உருட்டிவிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

குல்மார்க்கும் சரி, நம்ம ஊட்டியும் சரி, இன்றைக்கு நாம் பார்க்கும் உருவத்துக்கு வந்தது வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களால்தான். குல்மார்க்கில் 1927லேயே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஊட்டியின் கதையில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே குடும்பங்கள் மட்டும் கோடைக்குப் போகவில்லை. மதராஸ் சர்க்காரே மூட்டை முடிச்சோடு போனது!

முதலில் போனவர் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819 ஜனவரியில் மலை ஏறினார். குளிர் பிடித்துப் போய்விட்டது. 1822ல் தோடர்களின் நிலத்தில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அது இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அடுத்து ஏரி வெட்டினார், காய்கறி போட்டார். நிலமெல்லாம் தோடர்களுக்குத்தான் சொந்தம் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியவரும் இவர்தான், அவர்களிடமிருந்து கொஞ்ச விலைக்கு நிறைய நிலம் வாங்கிப்போட்டவரும் இவர்தான். மனுஷர்கள் அப்படித்தான்.

ரயில் கிடையாது, ரோடு கிடையாது. எப்படிப் போனார்கள்? ஆள் மேல் ஏறித்தான். 1834 ஜூனில் மெக்காலே மதராஸில் வந்து இறங்குகிறார். ஆமாம், நமக்கெல்லாம் இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்த அதே மெக்காலே. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடம்பு தேற்றிக்கொள்ள ஊட்டியில் இருக்கிறார். அவரைப் பார்க்க பெங்களூர், மைசூர் வழியாகக் கிட்டத்தட்ட 400 மைல், பல்லக்கில்! தூக்கியவர்கள் பெயர் எதுவும் சரித்திரத்தில் இல்லை.

கொடைக்கானல் கதை வேறு. அங்கே வழி போட்டது அதிகாரிகள் இல்லை, மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்துப் பயந்துபோய் 1845ல் மலை மேல் இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். அதை உல்லாசம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊட்டி அப்படியில்லை. 1870களுக்குள் வருஷத்தில் பல மாதம் மதராஸ் ராஜதானியின் ஆட்சியே அங்கிருந்துதான் என்று ஆகிவிட்டது. கவர்னர், கவுன்சில் மெம்பர்கள், செயலாளர்கள், அவர்களுடைய மேம்சாகிப்கள், பிள்ளைகள், ஆயாக்கள், சமையல்காரர்கள், குதிரைகள். கூடவே ஃபைல்கள், ஃபைல்களைச் சுமக்கும் குமாஸ்தாக்கள். இத்தனைக்கும் கவர்னருக்கு மதராஸில் ஒன்றுக்கு இரண்டு மாளிகை இருந்தது. மவுண்ட் ரோடில் ஒன்று, காற்று வாங்க கிண்டியில் ஒன்று. போதவில்லை. மூன்றாவதாக ஊட்டியில் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தவர் பக்கிங்ஹாம் பிரபு. ஆண்டு 1877.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த தாது வருஷம் 1876-77. பருவமழை பொய்த்தது. ராஜதானி முழுக்கப் பயிர் கருகியது. ரயில் இருந்தது, ஆனால் அதே ரயில் தானியத்தை விலை அதிகம் கிடைக்கிற இடத்துக்கு அள்ளிக்கொண்டும் போனது. எலும்பும் தோலுமாக ஜனங்கள் மதராஸை நோக்கி நடந்து வந்தார்கள். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் பார்க்க முடியாது.

கவர்னரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பக்கிங்ஹாம் வெளியிலிருந்து தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றார். வைஸ்ராய் லிட்டன்தான், வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்று கடிவாளம் போட்டார். அதே லிட்டன் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்து தர்பார் நடத்தி விருந்து போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சத்தைப் பார்க்க அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்ட் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்ட் என்றால் 450 கிராம் சொச்சம். நாள் பூரா மண் வெட்டுகிறவனுக்கு! சுகாதார கமிஷனர் கார்னிஷ் எதிர்த்துச் சண்டை போட்ட பிறகு, சில மாதம் கழித்துத்தான் அந்த அளவு கூடியது. பஞ்சம் முடிந்தபோது செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்று மயிலாப்பூர் வழியாகவே நடந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க சுமார் 8 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய். 1877-78ல் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டியது. வடக்கே ஏற்கெனவே இருந்த கால்வாயும் தெற்கே இருந்த கால்வாயும் இதனால் ஒன்றானது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரைக்கும் படகு போக வழி கிடைத்தது. 1878ல் அதற்குப் பெயரும் வைத்தார்கள். யார் பெயர்? பக்கிங்ஹாம் கால்வாய்.

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பார்த்துப் பழகிவிட்டது. ஒரே கவர்னர், ஒரே வருஷம், ஒரே கஜானா. ஒரு பக்கம் ஊட்டியில் மாளிகை, இன்னொரு பக்கம் மயிலாப்பூரில் பட்டினிக்காரர்கள் வெட்டிய வாய்க்கால். இரண்டுக்கும் பணம் அதே ரயத்து கட்டிய வரிதான். அவனுக்குக் கிடைத்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருஷா வருஷம் சர்க்கார் மலையேறுவதைப் பார்த்து நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தியப் பத்திரிகைகள் கேள்வி கேட்டன. அவசரமாக ஒரு உத்தரவு வேண்டுமென்றால் ஊட்டிக்கா ஓடுவது என்று மதராஸ் வெள்ளைக்கார வியாபாரிகளே முணுமுணுத்தார்கள். எதுவும் எடுபடவில்லை. 1873ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899ல் குன்னூர், 1908ல் ஊட்டி. தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பட்டை, 16 சுரங்கம், 250 பாலம். 12 அடி போனால் ஓர் அடி உயரம். அதற்கான நீராவி இன்ஜின்களை ஸ்விட்சர்லாந்தில் செய்யச் சொல்லி வரவழைத்தார்கள். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்த பொம்மை ரயில், துரைமார் வசதியாக மேலே போய்ச் சேரப் போட்டதுதான்.

ஆனால் ரயில் என்று ஒன்று வந்துவிட்டால் டிக்கெட் வாங்குகிற எவனும் ஏறலாமே! ஹைகோர்ட்டுக்குக் கோடை விடுமுறை உண்டல்லவா, பெரிய வக்கீல்கள் முதலில் ஏறினார்கள். சர் சி.பி. ராமசாமி ஐயருக்கு மதராஸில் ‘தி க்ரோவ்’ என்றால், ஊட்டியில் ‘டெலைல்’. ஊட்டி கிளப்பில் மட்டும் நெடுங்காலம் இந்தியர்களுக்கு இடமில்லை. பணம் இருந்தும் வாசலோடு சரி.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் குமாஸ்தா குடும்பத்தோடு போனார். எல்.டி.சி. வந்தது, டூரிஸ்ட் பஸ் வந்தது, எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை வந்தது. 1982ல் ‘மூன்றாம் பிறை’ வந்த பிறகு கேத்தி ஸ்டேஷனைப் பார்க்கவே ஒரு கூட்டம் போனது. ஃபைல் தூக்கிக்கொண்டு போனவரின் பேரன் பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தான். எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

இப்போது கூட்டம் தாங்க முடியாமல் மலையே மூச்சுத் திணறுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து ராத்திரி கிளம்புகிறது. மயிலாப்பூர்க்காரர்கள் ஆட்டோவுக்கு அழ வேண்டாம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால், பார்க் டவுனில் இறங்கி எதிர்ப்பக்கம் போனால் சென்ட்ரல். வழியில் சேப்பாக்கம் பக்கம் வரை, தூண்களுக்குக் கீழே கறுப்பாக ஒரு தண்ணீர் கூடவே வரும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘இது என்னப்பா?’ என்று கேட்டால், தாது வருஷத்தில் வெட்டியது என்று சொல்லுங்கள்.