ரிஹானாவின் 'ஆர் 9' எப்போ வரும்? காத்திருக்கும் ரசிகர்களுக்கு ஒரு கையேடு!

ரிஹானா இன்ஸ்டாகிராமில் என்ன போட்டாலும் சரி... புது லிப்ஸ்டிக், குழந்தையின் போட்டோ, செருப்பு விளம்பரம் என எதுவாக இருந்தாலும் அதற்குக் கீழே ரசிகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். 'ஆல்பம் எங்கே?'

கடைசியாக அவருடைய முழு ஆல்பம் வெளியானது 2016 ஜனவரியில். அப்போது கல்லூரியில் படித்தவர்கள் எல்லாம் இன்று இ.எம்.ஐ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நேற்றுதான் ரிஹானா பக்கம் வந்தவர் என்றால், எதற்கு இத்தனை பேர் இவ்வளவு காலமாகப் புலம்புகிறார்கள் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

முதலில் பெயர். 'ஆர் 9' என்பது ஆல்பத்தின் உண்மையான தலைப்பு இல்லை. ரிஹானாவின் 9-வது ஸ்டுடியோ ஆல்பம் என்பதால் ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர், அவ்ளோதான். அவருடைய ரசிகர் படைக்கு 'நேவி' என்று பெயர். இத்தனை வருடமாகக் கரையிலேயே நிற்கும் கடற்படை!

இந்தக் காத்திருப்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், ரிஹானா ஒரு காலத்தில் ரசிகர்களைக் காக்கவே வைத்ததில்லை. 2005-ல் 17 வயதில் 'மியூசிக் ஆஃப் தி சன்' ஆல்பத்தோடு வந்தார். 2006-ல் 'எ கேர்ள் லைக் மி', 2007-ல் 'குட் கேர்ள் கான் பேட்'. அதிலிருந்த 'அம்ப்ரெல்லா' பாடல் பிரிட்டனில் 10 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் பிறகு 'ரேட்டட் ஆர்', 'லவுட்', 'டாக் தட் டாக்', 'அன்அப்பாலஜெட்டிக்' என 2009 முதல் 2012 வரை நான்கு நவம்பர்களில் வரிசையாக நான்கு ஆல்பங்கள். நமக்கு தீபாவளி ரிலீஸ் மாதிரி, அவருடைய ரசிகர்களுக்கு நவம்பர் என்றாலே ரிஹானாதான். 8 வருடத்தில் 7 ஆல்பம் என்றால், நடுநடுவே உலகம் முழுக்க கச்சேரிகளும் உண்டு. அந்தப் பெண் எப்போது தூங்கினார் என்பதே சந்தேகம்தான்.

அப்புறம்தான் 'ஆன்டி' வந்தது. ('ஆன்ட்டி' இல்லைங்க, 'எதிர்' என்ற அர்த்தத்தில் வரும் சொல்.)

அடுத்த ஆல்பத்தைப் பற்றி ஊகம் செய்ய ஆசைப்படுபவர்கள் இந்த ஆல்பம் வந்த கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். 2015-ல் ரிஹானா மூன்று தனிப்பாடல்களை வெளியிட்டார். பால் மெக்கார்ட்னி, கான்யே வெஸ்ட்டுடன் சேர்ந்த 'ஃபோர்ஃபைவ்செகண்ட்ஸ்' ஒன்று. இன்னொன்று 'அமெரிக்கன் ஆக்ஸிஜன்'. மூன்றாவதின் தலைப்பை முழுசாக அச்சிட முடியாது. கொடுக்க வேண்டிய பணத்தை மரியாதையாகக் கொடு என்று மிரட்டும் பாட்டு அது. ஆல்பம் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். 2016 ஜனவரியில் ஆல்பம் வந்தபோது அந்த மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை!

உள்ளே இருந்ததோ வேறு சரக்கு. நடனத்துக்கான அடிதடி மெட்டுகள் குறைந்து, மெதுவான, புகை படிந்த மாதிரியான பாடல்கள். 'லவ் ஆன் தி பிரெய்ன்' 1950-களின் பாணியில் போகும். ஆஸ்திரேலியாவின் 'டேம் இம்பாலா' இசைக்குழுவின் ஒரு பாடலை இசையைக்கூட பெரிதாக மாற்றாமல் அப்படியே எடுத்துப் பாடியிருந்தார். 'ஹையர்' என்று ஒன்று உண்டு. இரண்டே நிமிடம். குரல் உடைகிறது, கரகரக்கிறது, எட்டாத சுருதியை எட்டிப்பிடிக்கத் தொண்டை கிழியக் கத்துகிறது. வேறு ஒரு பாடகி என்றால் இதைத் திரும்ப ரெக்கார்டு செய்திருப்பார். ரிஹானா அப்படியே விட்டார். அவரைச் சும்மா 'ஹிட் கொடுக்கும் பொண்ணு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனது இந்த ஆல்பத்தில்தான்.

'வொர்க்' பாடலையும் சொல்ல வேண்டும. டிரேக்குடன் சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதைக் கேட்டு 'ஏதோ உளறுகிறார்' என்று கிண்டல் செய்தவர்கள் நிறைய. அது உளறல் இல்லை. கரீபியன் தீவுகளின் பேச்சு வழக்கு. ரிஹானா பிறந்த பார்படாஸ் சுமார் 430 சதுர கிலோமீட்டர்தான், கிட்டத்தட்ட சென்னை மாநகராட்சி எல்லை அளவு. மக்கள்தொகை 3 லட்சத்துக்கும் கீழே. அவ்வளவு சின்னத் தீவின் வாய்ப்பேச்சை உலகத்தின் நம்பர் ஒன் பாட்டாக்கியதை நம்மால் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். வட்டார வழக்கில் பேசினால் 'என்ன பாஷை இது' என்று முகம் சுளிப்பவர்களை நமக்கும் தெரியும்தானே?

'ஆன்டி' இன்னும் சாகவில்லை என்பதுதான் ஆச்சர்யம். பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் 400 வாரங்களுக்கும் மேல் இருந்த ஆல்பம் அது. கறுப்பினப் பெண் கலைஞர் ஒருவரின் ஆல்பம் அத்தனை வாரங்கள் அந்தப் பட்டியலில் நின்றது அதுவே முதல் முறை. இப்படி ஒன்றைச் செய்த பிறகு அடுத்ததை வெளியிடக் கை நடுங்குவது இயல்புதான்.

அப்புறம் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

சம்பாதித்தார். 2017 செப்டம்பரில் 'ஃபென்டி பியூட்டி' தொடங்கினார். முதல் நாளே 40 நிறங்களில் ஃபவுண்டேஷன். கறுப்பு, மாநிறத் தோலுக்கு கடையில் இரண்டே ஷேடு வைத்துவிட்டு 'இதில் ஒன்றை எடுத்துக்கோங்க' என்று சொல்லிவந்த பெரிய கம்பெனிகள் அதற்குப் பிறகு அவசர அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டின. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகக் கல்யாண ஆல்பத்தில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடுத்த வருடம் 'சாவேஜ் எக்ஸ் ஃபென்டி' உள்ளாடை நிறுவனம். 2021-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை பில்லியனர் என்று அறிவித்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு பாட்டில் இருந்து வந்ததில்லை, மேக்கப்பில் இருந்து வந்தது. அதே ஆண்டு பார்படாஸ் குடியரசானபோது, ரிஹானாவை தேசிய நாயகியாக அறிவித்து கௌரவித்தது அந்த நாடு. இடையில் ராப் பாடகர் ஏசாப் ராக்கியுடன் வாழ்க்கை, மூன்று குழந்தைகள்.

ஆக, அவருக்கு ஆல்பம் தேவையில்லை. நமக்குத்தான் தேவை. இந்த உண்மையை மென்று விழுங்கிவிட்டால் மீதியைத் தாங்கிக்கொள்ளலாம்.

பாட்டே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் 'பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபார்எவர்' படத்துக்காக 'லிஃப்ட் மீ அப்' பாடினார், மறைந்த நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு அஞ்சலியாக. 2023 ஆஸ்கர் மேடையிலும் அதைப் பாடினார். அந்த வருடம் சிறந்த பாடலுக்கான விருதை யார் தட்டிக்கொண்டு போனார்கள் என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். நம்ம 'நாட்டு நாட்டு'! அன்றைக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தவித்த ரிஹானா ரசிகர்கள் இங்கே உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சி. அந்தரத்தில் தொங்கும் மேடை, சிவப்பு உடை, வயிற்றில் இரண்டாவது குழந்தை. 'டயமண்ட்ஸ்' பாடி முடித்துவிட்டுப் போய்விட்டார். புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. 2025-ல் 'ஸ்மர்ஃப்ஸ்' கார்ட்டூன் படத்துக்கு 'ஃபிரெண்ட் ஆஃப் மைன்'. கேட்டீர்களா? பெரும்பாலும் தாளம்தான் ஓடுகிறது, ரிஹானாவைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அவர் பெயர் பரவியது பாட்டால் மட்டுமில்லை. 2021 பிப்ரவரியில் டெல்லி விவசாயிகள் போராட்டம் பற்றி அவர் போட்ட ஒற்றை வரி ட்வீட்டுக்கு மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகமே பதில் அறிக்கை விட்டது. 2024 மார்ச்சில் ஜாம்நகரில் அம்பானி வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தைய விழாவில் பாட வந்தார். டிக்கெட் போட்டு நாம் பார்க்கிற மாதிரி ஒரு கச்சேரி எப்போ என்ற ஏக்கம் அன்றோடு இரண்டு மடங்கானது.

அவரே என்ன சொல்லியிருக்கிறார்?

2018, 2019 வாக்கில் ரெகே இசை தழுவிய ஆல்பம் தயாராகிறது என்று பேச்சு கிளம்பியது. அவரும் பேட்டிகளில் அதை மறுக்கவில்லை. 2019 டிசம்பரில், தான் மட்டும் ஆல்பத்தைக் கேட்டு ரசித்துக்கொண்டு வெளியிட மறுப்பதாக ஒரு வீடியோவைப் போட்டு ரசிகர்களைச் சீண்டினார். வெந்த புண்ணில் வேல்! 2025-ல் ஹார்பர்ஸ் பஜார் பேட்டியில் பேச்சு மாறியது. ரெகே என்றோ வேறு எந்த வகை என்றோ இப்போது இதை அடைக்க முடியாது என்ற தொனியில் சொன்னார். பழைய பாடல்களை எடுத்துப் பார்த்தபோது அவை இன்றைய தன்னோடு ஒட்டவில்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். நான் எதிர்பார்த்தது அந்தக் கரீபியன் ஆல்பத்தைத்தான். காரணம் இருக்கிறது. ரிஹானாவின் முதல் ஹிட் 'பான் டி ரீப்ளே' டான்ஸ்ஹால் பாட்டு, தலைப்பே தீவுப் பேச்சு. அதே முதல் ஆல்பத்தில் ஜமைக்கா பாடகி டான் பென்னின் பழைய பாடல் ஒன்றையும் பாடியிருந்தார். 'ரேட்டட் ஆர்' ஆல்பத்தில் 'ரூட் பாய்', 'லவுட்' ஆல்பத்தில் 'மேன் டவுன்', கடைசியில் 'வொர்க்'. ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒன்றோ இரண்டோ ஊர்ப் பாட்டைக் காட்டிவிட்டு மறைத்துக்கொள்வார். முழுச் சாப்பாடு ஒருமுறைகூடப் போட்டதில்லை. வியாபார பயம் இல்லாத, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலைமை இப்போதுதான் அவருக்கு வந்திருக்கிறது. இப்போ செய்யாமல் எப்போ?

அது இல்லை என்றால், குறைந்தபட்சம் குரலாவது வேண்டும். 'ஹையர்' பாடலில் கேட்ட அந்த உடைந்த குரல். 'லிஃப்ட் மீ அப்' தாலாட்டு மாதிரி அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆல்பம் முழுக்க அப்படியே இருந்தால் தூங்கிவிடுவோம். 27 வயதில் காதல், போதை, கோபம் என்று பாடியவர் இன்று மூன்று குழந்தைகளின் அம்மா. அந்தக் கோபம் இப்போ எங்கே இருக்கிறது என்று கேட்க ஆசை. விருந்தினர் பட்டாளமும் வேண்டாம். 'ஆன்டி'யில் சிஸா, டிரேக் தவிர பெரிதாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுபோதும். ரீல்ஸில் 15 விநாடி வெட்டிப் போடுவதற்காகவே செய்த பாட்டுகளும் வேண்டாம். அதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறது.

வராமலே போய்விட்டால்? அப்படியும் நடந்திருக்கிறது. லாரின் ஹில் 1998-ல் ஒரே ஒரு தனி ஸ்டுடியோ ஆல்பம் கொடுத்தார். உலகமே கொண்டாடியது. இரண்டாவது வரவே இல்லை. ஷாடே 10 வருடம் கழித்து 2010-ல் திரும்ப வந்தார், நிதானமாக, எதுவும் நடக்காத மாதிரி. டி'ஆஞ்சலோ 2000-க்குப் பிறகு 14 வருடம் காக்கவைத்து 2014-ல் 'பிளாக் மெசையா' கொடுத்தார். அற்புதமான ஆல்பம். 'அடுத்தது எப்போ' என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2025 அக்டோபரில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று ரிஹானாவை 'பவுடர் டப்பா விற்கிறவர்' என்று கிண்டல் செய்யும் மீம்கள் எனக்குச் சிரிப்பாக இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம். 'ரிலீஸ் தேதி லீக்' என்று வரும் படங்களை நம்ப வேண்டாம். பாடல் பட்டியல், அட்டைப்படம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் செய்யலாம். 2023-லேயே பியான்சேயின் 'கஃப் இட்' பாடலை ரிஹானா குரலில் ஏ.ஐ பாடிய கிளிப் இணையத்தைச் சுற்றியது. இன்று அது இன்னும் சுலபம். ரிஹானாவின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் வந்தால் மட்டும் செய்தி. அப்படி ஒரு தனிப்பாடல் வந்தாலும் அதை வைத்து ஆல்பத்தை எடைபோடாதீர்கள். 2015 கதை ஞாபகம் இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'பான் டி ரீப்ளே', 'ரூட் பாய்', 'மேன் டவுன்', 'வொர்க்' நான்கையும் வரிசையாகப் போடுங்கள். வரவேண்டிய ஆல்பத்தின் வாசனை அதில் இருக்கிறது. பிறகு 'ஆன்டி'யை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேளுங்கள். 'ஹையர்' வரும்போது மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், வால்யூமைக் குறைக்காதீர்கள்.