மாக்கல் முகத்துக்கு வந்த கதை

சேலத்துப் பக்கம் கடைகிற கல்சட்டியும், காலை ஏழு மணிக்குக் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் பனியன் கம்பெனி வண்டிக்கு நிற்கிற பெண்ணின் முகத்தில் இருக்கும் பவுடரும் ஒரே இனத்துக் கல். கல்சட்டி செய்யும் மாக்கல்லில் பெரும்பங்கு டால்க் என்னும் கனிமம். அதையே சுத்தமாக வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, வாசனை ஏற்றி டப்பாவில் அடைத்தால் முகப்பவுடர்.

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் டால்க்குக்கு 1. நகத்தால் கீறினாலே தடம் விழும். மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு என்பதால் தொட்டால் வழுக்கும். அந்த வழுக்கலுக்குத்தான் இத்தனை வேலை. திருப்பூரில் துணி மேல் கோடு போடும் டெய்லர் சாக் பழைய முறையில் இந்தக் கல்தான். சைக்கிள் கடைக்காரர் ட்யூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவுவதும் இதுதான். கேரம் போர்டில் காய் ஓட வேண்டும் என்று அக்காவின் பவுடர் டப்பாவைத் திருடாத தம்பி எந்த ஊரில் இருக்கிறான்? இந்தியாவில் டால்க் அதிகம் வெட்டப்படுவது ராஜஸ்தானில். நம் பக்கத்தில் மாக்கல் என்றால் சட்டிதான் நினைவுக்கு வரும்.

கல்சட்டியைக் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கே அடுப்பில் ஏற்ற முடியாது. பழக்க வேண்டும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஊறவைத்து, சில நாளைக்குச் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றிவைப்பார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற சீரில் பாதி அந்தச் சட்டிக்கும் நடக்கும். இத்தனை காலம் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியவர்கள், அந்தக் கல்லையே முகத்துக்குப் பூசலாம் என்று மட்டும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அதைத் தோலில் தூவலாம் என்று நினைத்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களும் அழகுக்காக நினைக்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில் நியூஜெர்ஸியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மருந்து தடவிய பிளாஸ்திரி விற்றுக்கொண்டிருந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்த இடத்தில் நோயாளிக்கு அரிப்பும் எரிச்சலும் வருகிறது என்று ஒரு டாக்டர் எழுதினார். கம்பெனியின் விஞ்ஞானப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெட் கில்மர், வாசனை சேர்த்த இத்தாலிய டால்க் பொடியை அனுப்பி, தூவிப் பார்க்கச் சொன்னார். பிறகு பிளாஸ்திரியோடு ஒரு சின்ன டப்பா பொடியும் சேர்ந்தே போனது. வாங்கிய தாய்மார்கள் பிளாஸ்திரியை விட்டுவிட்டுப் பொடியைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையின் தொடையிடுக்குப் புண்ணுக்கு அது கேட்டது. 1894-ல் பேபி பவுடர் தனிச் சரக்காகக் கடைக்கு வந்தது. அரிப்புக்குக் கொடுத்த இலவசம், கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அதே நியூஜெர்ஸியில் நியூவர்க் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜெர்ஹார்ட் மென்னன், போரிக் அமிலம் கலந்த டால்க்கை மேலே ஓட்டை போட்ட தகர டப்பாவில் அடைத்து விற்றார். என்னைக் கேட்டால் பவுடர் உலகத்தைச் சுற்றியதில் பாதிப் புண்ணியம் அந்த ஓட்டைகளுக்குச் சேரும். பொட்டலத்தில் மடித்த பொடி வேர்வைக் கையில் கட்டிக்கொள்ளும். டப்பாவோ, தலையைத் திருகினால் ஓட்டையும் ஓட்டையும் நேர்ப்பட்டு ஒரு சிட்டிகை கொட்டும், எதிர்ப்பக்கம் திருகினால் அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் அது மழைக்காலத்து ஈரத்தில் இறுகிப்போய், பெண்கள் புடவை ஊக்கை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் திறப்பார்கள். தீரப்போகிற டப்பாவின் அடியில் தட்டினால் இன்னும் ஒரு வாரம் வரும்.

பாண்ட்ஸ், கியூட்டிகுரா என்று இங்கே வீடுதோறும் தெரிந்த டப்பாக்களும் அமெரிக்க மருந்துக்கடை வழியில் வந்தவைதான். 1846-ல் தெரான் பாண்ட் விற்றது காயத்துக்குப் போடும் ஒரு செடிச் சாறு. கியூட்டிகுரா பாஸ்டனில் தோல் வியாதி மருந்தாகத் தொடங்கிய பெயர். சந்தன வாசனை வேண்டியவர்களுக்குக் கோகுல் சாண்டல் வந்தது.

குளிர் தேசத்தில் குழந்தைக்கென்று விற்ற பொருள் இங்கே பெரியவர்களின் முகத்துக்கு ஏறியதற்குக் காரணம் நம் வெயில். பவுடர் வேர்வையை நிறுத்தாது; வேர்வைச் சுரப்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தோலில் கசியும் எண்ணெயைப் பிடித்துவைத்து, பளபளப்பை மங்கவைத்து, தோலும் தோலும் உரசுகிற இடத்தில் வழுக்கலைக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனுக்குள் நின்று பார்த்தால் அந்த வித்தையின் மதிப்பு தெரியும். வெளியே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உதட்டைக் காயவைக்கும். உள்ளே தறிகளின் சூட்டில் கழுத்து நனையும், பறக்கிற பஞ்சு நனைந்த இடமெல்லாம் ஒட்டும். தார் சுற்றுகிற அக்காமார் கைக்குட்டையில் கொஞ்சம் பவுடர் கொட்டி நான்காக மடித்துச் சோத்துப்பையின் ஓரத்தில் செருகியிருப்பார்கள். ஷிப்டு முடிந்ததும் குழாயடியில் முகம் கழுவி, அந்தக் கைக்குட்டையால் ஒரு ஒத்து. ஊருக்குள் நடக்கும்போது தறிக்குடோனில் இருந்து வருகிற ஆள் மாதிரித் தெரியக் கூடாது. அந்தக் கௌரவம் ஒரு டப்பா விலைக்குக் கிடைத்தது.

எங்கள் அம்மாயி தன் முகத்துக்கு மஞ்சளைத் தவிர எதையும் அண்டவிட்டதில்லை. ஆனால் பேத்தி வாசல் தாண்டும்போது, "அம்மணி, மூஞ்சில எண்ணெ வழியுது பாரு, துளியூண்டு பவுடர் ஒத்திட்டுப் போ கண்ணு" என்று கட்டாயம் சொல்வார். மஞ்சள் குளித்த முகத்தின் மேல் பவுடர் ஒத்திய மங்கல் மஞ்சள்தான் பல வருடம் எங்கள் ஊர்க் கல்யாண போட்டோக்களின் நிறம். கழுத்தில் மட்டும் கோடு கோடாக வெள்ளை நிற்கும்.

அந்த வெள்ளைதான் பிறகு வம்பானது. டால்க் வெள்ளைக் கல். மாநிறத் தோலில் படிந்தால் தெரியும். எண்ணெய் வழியாமல் இருக்கப் போட்டது, போட்டால் வெளுப்பாகத் தெரிகிறோம் என்ற நினைப்பாக மாறியது. பவுடரின் வெளுப்பு சாயங்காலம் கழுவினால் போய்விடும். போகாத வெளுப்பைத் தருகிறேன் என்று 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. பெண் பார்க்க வருகிற வீடுகளில் நிறம் பேசுகிற நாட்டில் அது விற்றதில் ஆச்சரியம் இல்லை. 45 வருடம் கழித்து, 2020-ல், 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. அந்தக் கிரீமின் முக்கியச் சரக்கான நியாசினமைடு வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம். இன்று கல்லூரிப் பெண்கள் சொட்டு மூடி வைத்த கண்ணாடிப் புட்டியில் சீரம் என்று வாங்குவது அதையேதான். அம்மாவின் கிரீமைப் பார்த்து முகம் சுளிக்கிற மகள் அதே சரக்கைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

சன்ஸ்கிரீன் வாங்குகிறவர்களின் முதல் புகார், வெள்ளை படிகிறது என்பது. துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் வெயிலைத் தடுப்பவை, நிறத்தில் வெள்ளை. நம் தோலில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். அம்மா கண்ணாடி முன் நின்று வரவழைத்த வெள்ளையை, மகள் தேய்த்துத் தேய்த்துப் போக்குகிறாள்.

டால்க்கின் மேல் விழுந்த பெரிய அடி வேறு. பூமிக்குள் டால்க் உண்டாகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாசும் உண்டாகும். கலந்து வந்துவிடும் அபாயம் உண்டு. பல வருடம் பிறப்புறுப்புப் பகுதியில் பவுடர் போட்ட பெண்கள், கருப்பைக்குப் பக்கத்துச் சினைப்பையில் புற்றுநோய் வந்ததற்கு அதுவே காரணம் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மறுத்தது. ஆனாலும் 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுவதும் டால்க் பேபி பவுடரை நிறுத்தியது. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பட்டியலில் சேர்த்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைவானது என்பதையும் அதுவே சொன்னது. முகத்தில் ஒரு ஒத்து ஒத்துவது அந்த வழக்குகளின் விஷயம் அல்ல. குழந்தையின் மூக்குக்கு நேராகப் புகைபோலக் கொட்டுவதை விட்டுவிடலாம். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

டால்க் போன இடத்துக்கு அந்தக் கம்பெனி கொண்டுவந்தது மக்காச்சோள மாவு. மக்காச்சோளம் விளைகிற உடுமலை, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு அது கோழித்தீவனத்தின் சொந்தக்காரன். கல்லைப் போல் அல்லாமல் மாவு ஈரத்தைக் குடிக்கும்; குடித்துவிட்டுக் கழுத்து மடிப்பில் திரளும். சோமனூரில் பாவுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் மில்லில் வேலை பார்த்த பெண்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு எங்களுக்கு டப்பா எதுக்குங்க, கஞ்சித் தொட்டியில மூஞ்சிய முக்கிக்க மாட்டமா" என்றார் ஒருவர்.