பெயரும் பாதுகாவலும்: நீதிமன்றத்தின் முன் ஒரு குழந்தையின் பெயர்



பள்ளியாண்டின் முதல் நாளில் வகுப்பறையில் நிகழும் முதற்செயல் பெயர் அழைத்தல். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராக அழைக்க, ஒவ்வொரு குரலாக விடை எழுகிறது. சில ஆண்டுகளில் ஏதோ ஒரு பெயருக்கு மட்டும் விடை வருவதில்லை. இரண்டாம் முறை அழைத்தபின் ஒரு மாணவர் தயங்கி எழுந்து, "ஐயா, வீட்டில் எனக்கு வேறு பெயர்" என்கிறார். பதிவேட்டில் இருப்பது பிறப்புப் பத்திரத்தின் பெயர். வீட்டில் வழங்குவது வளர்த்தவர் இட்ட பெயர். இவ்விரண்டில் எது அக்குழந்தையின் பெயர்? அதை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்குச் சட்டம் விடைகண்ட வரலாற்றையே இவ்வுரை ஆராய்கிறது.

தமிழ்ப் பெயர் மரபு

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பெயருக்கென்றே ஓர் இயல் வகுத்துள்ளது. அங்கே இயற்பெயர், முறைப்பெயர் முதலியன வகைப்படுத்தப்படுகின்றன. இயற்பெயர் ஒருவருக்கே இட்டு வழங்குவது. முறைப்பெயர் உறவைச் சுட்டுவது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரை நோக்குங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, இயற்பெயர் என்னும் மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலேயரிடம் உள்ளதுபோல் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்மிற் பெரும்பாலோரிடம் இல்லை. மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் குறுக்கமும், சிங்கப்பூரில் 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் ஆங்கிலக் குறுக்கமும் அந்தப் பழைய 'மகனார்' என்பதன் இன்றைய வடிவங்களே.

இதனால் ஒரு சிக்கல் பிறக்கிறது. ஆங்கிலேயக் குழந்தையின் குடும்பப் பெயரை மாற்றினால் அது எந்தக் குடும்பத்தோடு சேர்த்து அறியப்படும் என்பது மாறும். தமிழ்க் குழந்தையின் பெயரில் 'மகன்' என்னும் சொல்லை அடுத்துள்ள பெயரை மாற்றினாலோ, இக்குழந்தை இன்னாருக்குப் பிறந்தது என்னும் கூற்றே மாறிவிடுகிறது. ஆகவே நம்மிடையே பெயர் மாற்றம் இரு வகைப்படும்: இயற்பெயரை மாற்றுவது ஒன்று, தந்தை பெயரை மாற்றுவது மற்றொன்று. பின்னதன் சுமை மிகுதி.

ஆங்கிலச் சட்டத்தின் வருகை

1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிச் சாசனத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் நிலைபெற்றது. அச்சட்டத்தின்படி வளர்ந்த ஒருவர் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். வஞ்சக நோக்கம் இருத்தலாகாது என்பதே வரம்பு. மாற்றத்திற்குச் சான்றாக எழுதப்படுவதுதான் 'டீட் போல்' எனப்படும் பத்திரம். இருதரப்பு ஒப்பந்தங்களை ஒரே தோலில் எழுதி, நடுவே வளைவாக வெட்டிப் பிரிப்பது பண்டைய ஆங்கில வழக்கம். ஒருவர் மட்டுமே எழுதித் தரும் பத்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லை. அதன் ஓரம் நேராக நறுக்கப்பட்டது. 'போல்' என்பது அந்த நறுக்கிய ஓரத்தைக் குறிக்கும் சொல். தன்னைப் பற்றித் தானே அறிவிப்பது என்பதே அதன் உட்பொருள்.

குழந்தையோ தன்னைப் பற்றித் தானே அறிவிக்க இயலாது. அதற்காக வேறொருவர் கையொப்பமிட வேண்டும். பழைய ஆங்கிலச் சட்டம் அவ்வுரிமையைத் தந்தைக்கே அளித்தது. அவரே இயற்கைப் பாதுகாவலர் எனப்பட்டார். தாய்க்கு வழி திறக்க நெடுங்காலம் ஆயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய் முறையிடலாம் என 1839இல் ஒரு சட்டம் இடமளித்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது. குழந்தையைப் பற்றிய வழக்கில் நீதிமன்றம் முதலாவதாகவும் தலையாயதாகவும் கருத வேண்டியது குழந்தையின் நலனே என்று அது வகுத்தது. தந்தையின் உரிமை, தாயின் உரிமை என்று பேசிய சட்டம் குழந்தையின் நலன் என்று பேசத் தொடங்கியது அப்போதுதான்.

சிங்கப்பூரின் குழந்தைகள் பாதுகாவல் சட்டம் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலேசியாவின் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலேசியச் சட்டத்தில் தாய்க்குத் தந்தையோடு ஒத்த உரிமை 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே வந்தது. நம் மாணவர்களின் தாய்மார் பலர் பள்ளியிற் பயின்ற காலத்தில் அவ்வுரிமை சட்டத்தில் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரு பெயர் கொண்ட ஒரு சிறுமி

பெயரும் பாதுகாவலும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதைச் சிங்கப்பூர் வரலாறு பெருந்துயரத்தின் வழியாக அறிந்துகொண்டது. 1937ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஜாவாத் தீவின் சிமாஹி நகரில் டச்சுப் படைவீரர் ஒருவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹூபர்டினா மரியா ஹெர்டோக் எனக் கத்தோலிக்க முறைப்படி அதற்குப் பெயரிடப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தந்தை போர்க்கைதியானார். 1942ஆம் ஆண்டின் இறுதியில் அக்குழந்தை, அமினா பிந்தி முகமது என்னும் மலாய்ப் பெண்மணியின் பராமரிப்புக்கு வந்தது. தத்தாகவே பெற்றேன் என்றார் அமினா; சில காலம் பார்த்துக்கொள்ளவே விட்டேன் என்றார் பெற்ற தாய். இருவரிடையே நீதிமன்ற ஆணை எதுவும் இருக்கவில்லை. குழந்தைக்கு நத்ரா என்னும் பெயர் அமைந்தது. 1947இல் அமினா திரெங்கானு மாநிலத்துக் கெமாமானுக்குத் திரும்பியபோது, நத்ரா மலாய் பேசும் முஸ்லிம் சிறுமியாக வளர்ந்திருந்தாள்.

1950ஆம் ஆண்டு ஏப்ரலில் வழக்கு சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. மே மாதம் சிறுமியை டச்சுத் துணைத்தூதரிடம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. ஜூலை 28ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறைகளைச் சுட்டி அதனை நீக்கியது. ஆகஸ்டுத் தொடக்கத்தில், பதின்மூன்று வயது நத்ராவுக்கு மன்சூர் அடாபி என்னும் இளம் ஆசிரியருடன் திருமணம் நடைபெற்றது. டிசம்பர் 2ஆம் நாள் நீதிபதி பிரவுன் அத்திருமணம் செல்லாது என்றும், சிறுமி பெற்றோரிடமே சேர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அமினாவிடமே இருக்க விரும்புவதாகச் சிறுமி கூறியும் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. டிசம்பர் 11ஆம் நாள் கலவரம் மூண்டது. 18 பேர் உயிரிழந்தனர், 173 பேர் காயமுற்றனர். மறுநாளே அவள் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். 2009ஆம் ஆண்டு அங்கேயே காலமானார்.

இவ்வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த வினா, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது. பெயர் எது என்று எவரும் மனுச் செய்யவில்லை. ஆயினும் பாதுகாவல் யாருக்கு என்று முடிவானபோது பெயரும் முடிவாகிவிட்டது. பெற்றோர் தரப்புக்கு அவள் மரியா. அமினாவின் தரப்புக்கு அவள் நத்ரா. எட்டாண்டுகள் ஒரு பெயரால் அழைக்கப்பட்ட பிள்ளை ஒரே நாளில் மற்றொரு பெயருக்குரியவளானாள். பெயர் மாற்றத்தை ஏன் தனி வினாவாக எடுத்து, பொறுமையோடு ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பாதுகாவலரும் தத்தெடுத்தவரும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். தத்தெடுப்பு ஆணை பெற்றவர் சட்டத்தின் பார்வையில் பெற்றோராகவே ஆகிறார். சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டும், மலாயாவில் 1952ஆம் ஆண்டும் தத்தெடுப்புச் சட்டங்கள் தோன்றின. சீனக் குடும்பங்களிற் பிறந்த பெண் மகவுகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்து, தமிழ்ப் பெயரிட்டு, தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய வரலாறு இம்மண்ணில் யாவரும் அறிந்ததே. அவர்களுள் ஆணை பெற்றவர்க்குப் பெயரிடும் உரிமை ஐயமின்றி அமைந்தது. அன்பை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வளர்த்தவர்க்கு, அடையாள அட்டை எடுக்கும் வயதில்தான் இடர் தெரியவந்தது.

பாதுகாவலரின் நிலை வேறு. அவர் குழந்தையைக் காக்கவும், கல்வி தரவும், அதன் உடைமையைப் பேணவும் கடமைப்பட்டவர். ஆனால் பெற்றோரின் இடத்தை அவர் எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் மறைந்த பேரனை வளர்க்கும் பாட்டியாரும், தங்கை மகளை வளர்க்கும் தாய்மாமனும் இத்தகையோரே. குழந்தையின் பெயர் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அவருக்குச் சொந்தமான பொருளன்று.

இன்றைய நடைமுறை

சிங்கப்பூரில் 21 வயதுக்குட்பட்டவரின் பெயரை மாற்ற அடிப்படை விதி பெற்றோர் இருவரின் ஒப்புதல். ஒருவர் மறுத்தாலோ, கண்டறிய இயலாது போனாலோ நீதிமன்றத்தை நாட வேண்டும். பாதுகாவலர் முதலில் தம் பாதுகாவல் நிலையைச் சட்டப்படி நிறுவ வேண்டும். இறந்த பெற்றோரின் உயில் அவரை நியமித்திருக்கலாம். அல்லது நீதிமன்றமே நியமித்திருக்கலாம். வளர்த்தேன் என்பது மட்டும் போதாது. பின்னர், மாற்றத்தின் காரணத்தை விளக்கும் சத்தியப் பத்திரத்தோடு மனுச் செய்ய வேண்டும். உயிரோடுள்ள பெற்றோருக்கு அறிவிப்புத் தந்து, அவர் தம் கருத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும்.

நீதிமன்றம் எதை எடைபோடுகிறது? மாற்றம் குழந்தைக்கு நன்மையா, கேட்பவரின் வசதிக்கா என்பதே முதல் வினா. எப்பெயரால் எத்தனை ஆண்டுகள் அழைக்கப்பட்டது, மாற்றத்தால் பெற்றோர் ஒருவருடனான பிணைப்பு அறுமா, வளர்ந்த பிள்ளையாயின் அதன் விருப்பம் என்ன என்பன அடுத்து வரும். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், நீதிமன்ற ஆணைக்குட்பட்டு வாழும் குழந்தையின் குடும்பப் பெயரைப் பெற்றோர் பொறுப்புடைய அனைவரின் எழுத்துவழி ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இன்றி மாற்றலாகாது என விதித்தது. பெயர் மாற்றம் சிறு செய்தியன்று, நன்மை உண்டென்பதற்குச் சான்று வேண்டும் என்பதை 1999இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபையும் உறுதிசெய்தது.

அனுமதி கிடைத்தபின் வழக்குரைஞர் பெயர்மாற்றப் பத்திரத்தை ஆயத்தம் செய்வார். அதைக் கொண்டு அடையாள ஆவணங்களும் பள்ளிப் பதிவேடும் திருத்தப்படும். ஆனால் அப்பத்திரம் முதற்பிறப்புப் பதிவை அழிப்பதில்லை. குழந்தை எங்கிருந்து வந்தது என்னும் செய்தி அங்கே காக்கப்படுகிறது.

நிறைவுரை

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, பெயர் பெறுவதையும் அடையாளம் காக்கப்படுவதையும் குழந்தையின் உரிமைகளாக ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறும் உரிமையையும் அதற்குத் தந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. தந்தையின் உடைமையாகத் தொடங்கிய பெயர், பெற்றோர் இருவரின் பொறுப்பாகி, இறுதியில் குழந்தையின் உரிமையாக மலர்ந்த வரலாறு இது.

வகுப்பறையில் எழுந்து நின்ற அந்த மாணவரிடம் மீண்டும் வருவோம். பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. அது நீதிமன்றத்திற்கும் பதிவகத்திற்கும் உரியது. ஆனால், "உன்னை எப்படி அழைக்கட்டும்?" என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. 1950ஆம் ஆண்டில் சிறுமி ஒருத்தியின் விடை எங்கும் எடுபடவில்லை. நம் வகுப்பறைகளில் அவ்வினா கேட்கப்படட்டும், விடையும் செவிமடுக்கப்படட்டும்.