தாம்பரம் 1938: தீமை ஓங்கிய காலத்தில் இறைநீதி

சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு, தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டு நிலத்துக்கு 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அவ்வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. புராட்டஸ்டண்டு மிஷனரி அமைப்புகளையும் பல நாட்டுத் திருச்சபைக் கூட்டமைப்புகளையும் இணைக்க 1921இல் தோன்றிய இம்மன்றம், அமெரிக்கரான ஜான் மாட்டின் தலைமையில் ஏறத்தாழ 70 நாடுகளைச் சேர்ந்த 470 பேரைத் தாம்பரத்தில் ஒன்றுகூட்டியது. ஐரோப்பியரும் அமெரிக்கருமே கோலோச்சிய முந்தைய மாநாடுகளைப் போலன்றி, இங்கு வந்தோரில் பாதியளவினர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள்.

மாநாட்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட இடம் தாம்பரம் அன்று, சீனாவின் ஹாங்சௌ நகரம். 1937 ஜூலையில் ஜப்பான் தொடுத்த போர் அத்திட்டத்தைக் குலைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹாங்சௌவும் ஜப்பானியப் படையின் வசமாயிற்று. ஜெர்மனியிலோ, மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதர்களின் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. அதைச் செய்தவர்களைத் தண்டிக்க அந்நாட்டு அரசு முன்வரவில்லை, ஏனெனில் செய்வித்ததே அரசுதான். கொடியவர் தழைக்கவும் நல்லவர் நலியவும் கடவுள் ஏன் பொறுத்திருக்கிறார் என்று விவிலியத்தின் யோபு நூல் எழுப்பும் பழைய கேள்வி, இச்சூழலில் ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை.

சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த வூ யிஃபாங், நான்ஜிங் நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரித் தலைவர். மாநாட்டின் இரண்டாம் நாளான டிசம்பர் 13, அந்நகரம் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாள். நகரம் வீழ்ந்தபின் வாரக்கணக்கில் கொலையும் வன்புணர்வும் தொடர்ந்தபோது, அவருடைய கல்லூரி வளாகம் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 10,000 பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாயிற்று. அவர்களைக் காத்து நின்ற அமெரிக்கப் பேராசிரியை மின்னி வாட்ரின், கண்டவற்றின் பாரம் தாங்காமல் 1941இல் உயிரை மாய்த்துக்கொண்டார். படையெடுத்த நாட்டின் கிறித்தவர்களும் படையெடுப்புக்கு ஆளான நாட்டின் கிறித்தவர்களும் தாம்பரத்தில் ஒரே அவையில் அமர்ந்து ஒன்றாக வழிபட்டனர்.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பது தமிழ்நாட்டில் பொதுவாக வழங்கும் ஆறுதல். மாநாட்டின் இறையியல் விவாதம் அதே நம்பிக்கையை வேறு வழியில் அணுகியது. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் இம்மாநாட்டுக்கென்றே எழுதிய நூலில், கடவுளின் வெளிப்பாடு, அதாவது கடவுள் தம்மைத் தாமே மனிதருக்கு உணர்த்துதல், எல்லாச் சமயங்களையும் பண்பாடுகளையும் நியாயம் விசாரிக்கிறது என்றும், நடைமுறைக் கிறித்தவமும் அவ்விசாரணைக்கு விலக்கன்று என்றும் வாதிட்டார். இந்தியச் சமயங்களுக்கு இதில் உரிய மதிப்பு இல்லை என்று, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும் அவரைச் சார்ந்த சென்னைச் சிந்தனையாளர்களும் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும், ஜெர்மன் கிறித்தவர் பலர் தம் நாட்டின் எழுச்சியையே கடவுளின் சித்தமாகக் கொண்டாடிய அக்காலத்தில், வெற்றி பெற்றவன் பக்கமே கடவுள் இருக்கிறார் என்ற எண்ணத்துக்குக் கிரேமரின் வாதம் இடம் கொடுக்கவில்லை.

நம்பிக்கை நடத்தையில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைப் பிரதிநிதிகள் இருவரின் பின்வரலாறு காட்டுகிறது. ஜப்பானியச் சமூகத் தொண்டர் டொயோஹிகோ ககாவா, மாநாடு முடிந்தபின் 1939 ஜனவரியில் காந்தியைச் சந்தித்து, தம் நிலையில் அவர் இருந்தால் என்ன செய்வார் என்று கேட்டபோது, கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சுடப்படவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் காந்தி விடையளித்தார். போர் எதிர்ப்புக் கருத்துகளுக்காக 1940இல் ககாவா கைதானார். எனினும் போர் முற்றியபோது அவரே அமெரிக்காவுக்கு எதிராக வானொலியில் பேச நேர்ந்தது, அவ்வுறுதியின் எல்லையையும் காட்டிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சூலூத் தலைவர் ஆல்பர்ட் லுத்தூலி, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசை விட்டு விலக மறுத்ததால் 1952இல் அரசால் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விடுதலைக்கான பாதை சிலுவை வழியாகச் செல்கிறது என்பதே அவர் அப்போது விடுத்த அறிக்கையின் சாரம்.

மனிதர் வழங்கிய நீதி அரைகுறையாகவே வந்தது. டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையின் முடிவில் நான்ஜிங் கொடுமைகளுக்காக ஜப்பானியத் தளபதி மாட்சுய் இவானே 1948 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். நான்ஜிங்கில் நுழைந்த படைக்குத் தலைமை தாங்கிய இளவரசர் அசாகா, அரச குடும்பத்தவர் என்பதால் விசாரிக்கப்படவே இல்லை. வென்றவர்கள் தோற்றவர்களை விசாரிப்பது நீதியாகுமா என்று அவ்விசாரணையை நடத்திய நீதிமன்றத்தின் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் தம் மாறுபட்ட தீர்ப்பில் வினவினார். லுத்தூலி 1967இல் இறந்தபோது தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் ஆட்சி முழு வலிமையோடு இருந்தது. அது வீழ 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே, அந்தத் தலைமுறையின் இறைநம்பிக்கையை அதன் பலனைக் கொண்டு அளப்பது பொருந்தாது. தம் வாழ்நாளுக்குள்ளேயே தீர்ப்பு வர வேண்டும் என்று கேட்பதை அவர்கள் விட்டார்கள்; தீமையைத் தீமை என்று சொல்லும் பொறுப்பை, தடுமாறியபோதும், தெய்வத்தின் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கவில்லை. இறுதித் தீர்ப்பு வேறொருவர் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையே, பழிவாங்கும் வெறியிலிருந்து அவர்களை விலக்கிச் சாட்சி சொல்லும் துணிவையும் தந்தது.