ஊட்டியில் ஒட்டிய ஒரு தாள்

தொண்ணூறுகளில் பிள்ளைகள் வளர்ந்த பல வீடுகளில் அந்த பிளாஸ்டிக் டப்பா இருந்திருக்கும். பெயர் 'பிரிக் கேம்'. மேலேயிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி, இடுக்கு பார்த்துச் செருக வேண்டும். ஊட்டி டூர் பஸ்ஸில் மலையைப் பார்க்காமல் பையன் இதையே அமுக்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் குட்டு வாங்கியது எத்தனை வீட்டுக் கதை!

அதன் தாத்தா, டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. உலகமே விளையாடியது. அவருக்கு என்ன கிடைத்தது? உரிமை அரசாங்கத்திடம் போய்விட்டதால் 1996 வரை ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை. ஆனால், 1989-ல் உரிமைத் தகராறில் சேகா கம்பெனி விற்காமல் நிறுத்திய டெட்ரிஸ் கேசட்டுகள் இருக்கிறதே... தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பஜித்னோவ் கையெழுத்துப் போட்ட ஒன்றுக்கு 2011-ல் ஒருவர் கேட்ட விலை பத்து லட்சம் டாலர்! (கேட்ட விலைதான், கொடுத்த விலையல்ல.)

சரி, அந்த பஸ் போய்ச் சேர்ந்த ஊட்டிக்கு வருவோம். அங்கேயும் ஒரு விளையாட்டுக்காரர் இருந்தார். நெவில் சேம்பர்லேன். 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலம். வெளியே போக வழியில்லை. பில்லியர்ட்ஸ் மேஜைதான் கதி. பதினைந்து சிவப்புப் பந்துகளும் ஒரு கறுப்பும் வைத்து ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில், இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார் பத்தொன்பது வயது சேம்பர்லேன். சூடு பிடித்தது.

பெயர் வந்த கதை வேடிக்கை. இங்கிலாந்தின் உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருடப் பொடியன்களுக்கு 'ஸ்னூக்கர்' என்று பட்டப்பெயர். நம் காலேஜ் ராகிங் பாஷை மாதிரி! கைக்கெட்டிய பந்தைக் குழியில் தள்ளாமல் கோட்டைவிட்ட ஒரு அதிகாரியை, "நீ சுத்த ஸ்னூக்கர்டா" என்கிற தினுசில் சேம்பர்லேன் கிண்டலடித்தார். அவர் முகம் வாடியதும், "இந்த ஆட்டத்தில் நாம எல்லாருமே ஸ்னூக்கர்தான்" என்று சமாதானம். ஆட்டத்துக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

1881-ல் மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக வந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். அவருடைய பரிவாரத்தில் சேம்பர்லேன். வெயில் காலம் வந்தால் துரைமார் எல்லாம் ஊட்டிக்கு ஏறிவிடுவார்களே! ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் ரூமில்தான் ஸ்னூக்கருக்கு முறையாக விதிகள் எழுதப்பட்டன. 1882-ல் அவை சுவரில் ஒட்டப்பட்டன. வாயால் சொல்லி ஆடிய மெஸ் விளையாட்டு, சட்டதிட்டமுள்ள ஆட்டமானது இங்கேதான். 1885-ல் கல்கத்தா வந்த இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸுக்குத் தானே விதிகளைச் சொல்லிக் கொடுத்ததாக சேம்பர்லேன் பின்னாளில் சொன்னார்.

அப்புறம் அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1927-ல் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஜோ டேவிஸ் ஜெயித்தார். பரிசுத் தொகை ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். பெரிய பணமில்லை. ஆனாலும், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கு அந்த ஆறு பவுண்டும் இல்லை பாருங்கள்!

1938-ல் உல்விச்தான் ஸ்னூக்கரின் பிறந்த வீடு என்று ஒரு பேச்சு கிளம்பியது. 82 வயது கிழவருக்குப் பொறுக்கவில்லை. 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஜபல்பூர், ஊட்டி, பட்டப்பெயர் எல்லாம் அதில். ஊட்டியில் கூட ஆடிய பழைய ராணுவ நண்பர்கள் "ஆமாம், உண்மைதான்" என்று சாட்சி சொன்னார்கள். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1939-ல் இதையெல்லாம் கட்டுரையாக்க, வழக்கு முடிந்தது.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. அதே 1938-ல் ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்ட பிரிட்டிஷ் பிரதமர் பெயரும் நெவில் சேம்பர்லேன்தான். அவர் வேறு, இவர் வேறு. நம்மவர் 1944-ல் காலமானார்.

ஊட்டி கிளப்பின் அந்த அறை இன்றும் இருக்கிறது. மெம்பராக இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்!