வலியில்லை என்றால் போதுமா?

சுவருக்கு அருகில் நின்றுகொண்டு ஒரு காலை மடக்கித் தூக்கிப் பாருங்கள். இடுப்பு சரியாமல் நிற்கிறதல்லவா? உடலின் எடை, ஊன்றிய காலின் மூட்டுக்கு உட்புறமாகச் செயல்பட்டு இடுப்பைச் சாய்க்க முயல்கிறது. மூட்டுக்கு வெளிப்புறமுள்ள தசைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. இது ஒரு நெம்புகோல்தான். தசையின் பக்கம் கை குட்டையாக இருப்பதால் தசை மிகுந்த விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுப்பும் சேர்ந்து உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையுடன் மூட்டை அழுத்துகின்றன. தசை வலுவிழந்திருந்தால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழ்ந்துவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் விளக்கிய சோதனை இது. செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டவரை இன்றும் மருத்துவர் இப்படி நிற்கச் சொல்கிறார்.

நிற்கிறார், நடக்கிறார், வலி இல்லை என்கிறார். அறுவை வெற்றி என்று முடிவு செய்துவிடலாமா?

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் இப்படித்தான் மகிழ்ந்திருக்க வேண்டும். மூட்டில் உராய்வைக் குறைப்பதே அவருடைய நோக்கம். கிண்ணத்திற்கு வழுக்கும் தன்மை மிகுந்த டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். உராய்வின் திருப்புத்திறன் ஆரத்தைப் பொறுத்தது என்பது நீங்கள் வகுப்பில் படித்ததே. ஆகவே எஃகுப் பந்தையும் படிப்படியாகச் சிறிதாக்கி, 22 மில்லிமீட்டர் விட்டத்திற்குக் கொண்டுவந்தார். இயற்பியல் கணக்கில் பிழையில்லை. பல ஆண்டுகள் வலியில் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அப்போது மதிப்பெண் போட்டிருந்தால் நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் மாறியது. வழுக்குவது வேறு, தேயாதிருப்பது வேறு. பந்து டெஃப்லான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு இறங்கியது. தேய்ந்து உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. ஏறத்தாழ 300 நோயாளிகள்! அவர்களுக்கு மறுபடியும் அறுவை செய்ய வேண்டிய துயரம் சார்ன்லிக்கு நேர்ந்தது. துகள்கள் என்ன செய்கின்றன என்றறிய டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். 1962இல் அவருடைய ஆய்வகத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் ஒரு புதுவகைப் பாலித்தீனைத் தேய்மான எந்திரத்தில் இட்டுச் சோதித்தார். சார்ன்லிக்கு முதலில் அதில் நம்பிக்கையே இல்லை. எந்திரம் வாரக்கணக்கில் ஓடியும் அது தேயாததைக் கண்டபின்தான் மனம் மாறினார். அவ்வாண்டு நவம்பரிலேயே அதனாலான கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார்.

சூடுபட்ட மனிதர் அல்லவா? இம்முறை வெற்றியை அளக்கும் வழியிலும் கண்டிப்பாக இருந்தார். மெர்ல் தொபின்யே, போஸ்டல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1954இல் வெளியிட்ட அளவுமுறை ஒன்று இருந்தது. வலி, மூட்டின் அசைவு, நடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண். ஒவ்வொன்றிலும் உச்சம் 6. சார்ன்லி இதில் ஓர் எழுத்தைச் சேர்த்தார். ஒரு மூட்டு மட்டும் கெட்டவர் ‘ஏ’. இரண்டும் கெட்டவர் ‘பி’. முடக்குவாதம் போன்ற வேறு காரணங்களாலும் நடக்க இயலாதவர் ‘சி’. சிறிய திருத்தந்தான். ஆனால் மறுகால் மூட்டு கெட்டிருப்பவர் நடக்க முடியாமல் போனால், அந்தக் குறையைப் புதிய மூட்டின் கணக்கில் எழுதுவது நியாயமா? என்னைக் கேட்டால், அவர் செய்த பந்துக்கு இணையான கண்டுபிடிப்பு இந்த எழுத்து.

1969இல் பாஸ்டன் நகர மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் நூறு புள்ளி முறையை வகுத்தார். வலிக்கு 44, அன்றாடச் செயல்களுக்கு 47, அசைவுக்கு 5, உருக்குலைவு இல்லாமைக்கு 4. நாற்காலியில் ஒரு மணி நேரம் வசதியாக அமர்ந்தால் 5 புள்ளி. சம்மணமிட்டுத் தரையில் அமர்வதற்கு அதில் இடமே இல்லை. பேருந்து போன்ற பொது வாகனத்தில் ஏறுவதற்கு ஒரே ஒரு புள்ளி. ஹாரிஸ் நம் ஊர்ப் பேருந்தைப் பார்த்ததில்லை போலும்!

இவற்றிலெல்லாம் புள்ளி போடுபவர் மருத்துவரே. அறுவை செய்தவரே தேர்வாளராகவும் இருந்தால் கை சற்றுத் தாராளமாகலாம். நோயாளியும் மருத்துவர் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார். 1996இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான 12 வினாக்கள் கொண்ட தாளை நோயாளியே நிரப்புகிறார். கடந்த நான்கு வாரங்களில் காலுறை அணிய முடிந்ததா, இரவில் படுக்கையில் வலித்ததா என்பவை போன்ற வினாக்கள்.

ஆயினும் தேய்மானம் வலிக்காமலே நடக்கக் கூடியது. எந்த வினாத்தாளிலும் அது தெரியாது. அதனால்தான் நலமாக இருப்பவரையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்து எக்ஸ்-ரே படம் எடுக்கிறார்கள். சார்ன்லி இன்னும் ஒருபடி மேலே சென்றார். தங்கள் மறைவுக்குப் பின் மூட்டை எடுத்துச் சோதிக்க இசைவு தருமாறு நோயாளிகளிடமே கேட்டார். பலர் இசைந்தார்கள்.