மலை யாத்திரையும் இளையோர் உளநலமும்: தெரணியகலைத் தோட்டங்களை முன்வைத்து

1. கருதுகோள்

யாத்திரை மனநோய்க்கு மருந்தாகாது. ஆனால் ஒடுங்கிப்போன இளைஞனை மனிதரோடு மறுபடி சேர்க்கவும், தயங்கி நிற்கும் யுவதியை வைத்தியரிடம் கொண்டுசேர்க்கவும் அதனால் முடியும். அந்தப் பயன் கிட்டுவது, மலையிறங்கிய பின் நாம் செய்வதைப் பொறுத்தது.

2. களம்

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையிலிருந்து மாலிபொடை வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஒரு காட்டுப்பாதை செல்கிறது. மலையின் உயரம் 2,243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக் பௌர்ணமி வரை நீளும். இந்துக்கள், பௌத்தர்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என எல்லோரும் ஏறும் மலை இது.

இம்மலையடித் தோட்டங்களில், லயத்துச் சிறு அறைக்குள் குடும்பமே வாழும்போது தனியே அழக்கூட இடமில்லை. தாய் வெளிநாட்டில் உழைக்க, அம்மாச்சியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போய், சொல்லமுடியாத பாரத்தோடு திரும்புவோரும் உண்டு.

3. யாத்திரை உதவும் விதம்

3.1 சமநிலை: யாத்திரையில் அன்றாடப் படிநிலைகள் தளர்ந்து தோழமை பிறக்கிறது என்றார் மானிடவியலாளர் விக்டர் டர்னர். பாதையில் கங்காணி மகனும் கொழுந்து பறிப்பவர் மகளும் ஒரே படியில் இளைப்பாறுகிறார்கள்.

3.2 பேச்சு: முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதை, பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வது எளிது.

3.3 மதிப்பு: எத்தனை தடவை ஏறினாரோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிப்பது வழக்கம். பரீட்சையில் தவறியவருக்கும் அங்கே ஒரு மணியோசை உரியது.

4. சான்றுகளும் எல்லைகளும்

அலகாபாத் மாக மேளாவில் 416 யாத்திரிகர்களையும், செல்லாத 127 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. மேளா முடிந்த பின்னும் சென்றவர்களின் நலவுணர்வு உயர்ந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால், முடிவை இளையோருக்கு அப்படியே பொருத்த இயலாது.

மறுபுறம், 2001இல் தமிழ்நாட்டு ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். வழிபாடு சிகிச்சையின் இடத்தைப் பிடித்தால் நேரும் கேடு இது.

5. பரிந்துரைகள்

அ. விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை சிலருக்கு நோயைக் கிளறும். அவர்களுக்கு இரவு ஏற்றம் வேண்டாம். புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

ஆ. மாலிபொடைப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. துயரிலிருப்பவரைத் தனியே அனுப்பாமல், வழி தெரிந்த மூத்தவரோடு சிறு குழுவாக அனுப்ப வேண்டும்.

இ. 'காத்து கருப்பு', 'நேர்ச்சை தவறிய குற்றம்' என்று எவரையும் பழிக்கக் கூடாது. வர விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது.

ஈ. திரும்பிய வாரத்திலேயே குழு கோயில் மண்டபத்தில் கூட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி உதவி எண்ணை எல்லோருக்கும் தர வேண்டும். சாக நினைக்கிறேன் என்று சொல்பவரை யாத்திரைக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

6. முடிவு

கோயில் பரிபாலன சபைகளும் தோட்டப் பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் கைகோத்தால் இது பெருஞ்செலவின்றி நடக்கும். இம்முயற்சியின் பயனை, மலையேறியவர் தொகையைக் கொண்டு அளக்க வேண்டாம். இறங்கியபின் வாய்திறந்து உதவி கேட்டவர் தொகையைக் கொண்டு அளப்போம்.